நாலங்குலம் உயர்ந்துபோன அடுப்பு மேடை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு சஜி போன் செய்தான்.

சஜிக்குப் பாப்பனங்கோட்டில் பட்டறை. இரும்புப் பட்டறை என்று சொன்னால் கோபம் வரும். ஃபேப்ரிகேஷன் என்று சொல்ல வேண்டும். தட்டுக்கடை வண்டி, ஐஸ்கிரீம் வண்டி, கேம்பர் டிரெய்லர்... சக்கரம் வைத்த எதுவானாலும் செய்துகொடுப்பான். பாறசாலைக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். வாக்கியத்தை ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிப்பான்.

"சாரே, பட்டறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம். உள்ளே செவுத்துல சாரோட ரெண்டு பென்சில் கோடு கிடக்கு. அழிச்சிடட்டா? ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு நினைச்சேன்."

இரண்டு கோடுகள். இரண்டுக்கும் நடுவே நாலங்குலம்.

"யோசிச்சுச் சொல்றேன் சஜி."

"ரெண்டு கோடு அழிக்க எந்தா சாரே இத்ர யோசிக்கான்?"

நியாயமான கேள்விதான். இந்த வாரம் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். வானிலை அலுவலகத்தில் மழை அளந்து ஓய்வு பெற்றவன் நான். காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து எழுத வேண்டும் — அதுதான் வேலை. வேலை போன பிறகும் வியாதி போகவில்லை. எந்த மழையில் எந்தச் சாலை மூழ்கியது, எதிர்வீட்டு மாமரத்தை எந்தக் கிழமை வெட்டினார்கள், எல்லாம் என் டைரியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கல்யாண நாளையே என்னிடம் வந்துதான் கேட்டுக்கொண்டு போவார்.

இப்படிப்பட்டவனுக்குப் பயணப் புத்தகங்கள் வாசிக்கிற பழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஓய்வு பெற்ற மறுவருஷமே ஆசை வந்துவிட்டது. பழைய ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற மாதிரி ஒரு சின்ன டிரெய்லர். படுக்க ஒரு கட்டில், சமைக்க ஓர் அடுப்பு. போதாதா?

தங்கத்திடம் சொன்னேன். தங்கம் என் மனைவி.

"வீடுன்னு ஒண்ணு இருக்கும்போ ரோட்டுல போய் எதுக்கு உறங்கணும்?" என்றாள். பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. நோட்டுப் போட்டேன். சமையலறைக்கு மட்டும் முப்பத்தெட்டுப் பக்கம்! அடுக்களையை உள்ளே வைப்பதா, பின்கதவைத் தூக்கினால் வெளியே நின்று சமைக்கிற மாதிரி வைப்பதா, மேஜை டிராயர் போலப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்வதா? உள்ளே வைத்தால் மழைக்கு நல்லது. ஆனால் தாளிக்கிற புகை தலையணையில் போய் உட்காரும். டிராயர் பார்க்க அழகு. ஆனால் பள்ளத்தில் விழுந்து எழும்போது தானே திறந்துகொண்டால்? கேஸா, இண்டக்‌ஷனா? பாத்திரம் நகராமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்டினால் போதுமா? காற்றுக்கு மறைப்பு எவ்வளவு உயரம்? தண்ணீருக்குக் காலால் மிதிக்கிற பம்ப் சரிவருமா...?

ஏழு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் சாயங்காலம் நான் நோட்டைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்க, தங்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"அப்போ அந்த அடுப்பு நம்ம வீட்டுல இருக்காதா?"

"வண்டியிலதானே இருக்கும்."

"வண்டி எங்க நிக்கோ, அங்க அடுப்பு?"

"ஆமா."

"அப்படின்னா அது யாரு வீட்டு அடுப்பு?"

முப்பத்தெட்டுப் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லை.

தங்கம் பொன்முடி எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். பதினாலு வயது மூத்த அண்ணன் சுடலைமுத்துதான் வளர்த்தார். காலையில் தங்கைக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் தேயிலைக் காட்டுக்குப் போவார். எஸ்டேட் மழைமானியைப் பார்த்து எழுதுகிற பொறுப்பும் அவருக்கே. அந்த மழைமானியைச் சோதிக்கப் போன இடத்தில்தான் நான் தங்கத்தைப் பார்த்தேன். அண்ணன் எழுதிய ஏட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை என்பதற்காகவே தங்கையைப் பெண் கேட்டேன் என்று என் அலுவலகத்தில் கேலி செய்வார்கள். முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுத்தவர் அவர். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுத்த தகப்பன், அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கிற வரை அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகு வந்து, தொட்டில் கட்டி, பெண் கையால் விருந்து சாப்பிட வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஓணத்துக்கும் பொங்கலுக்கும், மச்சான் மலையிலிருந்து இறங்குவார். தம்பானூரில் பஸ் மாறும்போதே ஒரு ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கரமனையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவார். கூடத்து நாற்காலியில் உட்காருவார். ஒரு தம்ளர் தண்ணீர். "வயிறு முட்ட இருக்குட்டி" என்பார், கேட்பதற்கு முன்பே. அவர் இருக்கிற நேரத்தில் தங்கம் எதையும் தாளிக்க மாட்டாள். வாசனை கூடத்துக்குப் போய் அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதே!

ஒரு தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மச்சான், இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பார்க்கிறா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். தங்கம் அடுக்களையில் இருக்கிறாளா என்று ஒரு பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் சாப்பிட்டுட்டேன்னு வைங்க மாப்ள... இனி பிள்ளை இல்லைன்னு நானே முடிவு கட்டின மாதிரி ஆயிடும்லா?"

அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

சரி, இவள் அங்கே போய்ச் சமைத்துப் போடக்கூடாதா? போனால் மதினி ஐயம்மாள் அடுக்களை வாசலை மறித்து நிற்பாள். "பிறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு புகை குடிக்கவா வந்தே? போ, போய் உக்காரு!" இங்கிருந்து ஆக்கி எடுத்துப்போனால்? அதுவும் எங்கள் வீட்டு அடுப்பில் வெந்ததுதானே. ஹோட்டலுக்கு அழைத்துப்போனால்? அது யாரோ ஒரு மாஸ்டரின் சமையல். ஆக மொத்தம், தன்னை ஆக்கிப்போட்டு வளர்த்த அண்ணனுக்கு ஒரு வேளைச் சோறு தன் கையால் போட்டதில்லை தங்கம். அண்ணனுக்கு அப்போது அறுபத்தாறு நடந்துகொண்டிருந்தது.

அதனால்தான் அந்தக் கேள்வி — அது யார் வீட்டு அடுப்பு?

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அண்ணே, சக்கரம் வச்ச வண்டியில அடுப்பு. அதுல நான் சமைச்சா, அது யாரு வீட்டுச் சாப்பாடு?"

"வண்டி எங்க நிக்கும்?"

"எங்க வேணாலும்."

"யோசிக்கணும்ட்டி" என்றார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை தீர்ப்பு வந்தது.

"உன் வீட்டு வாசல்ல நிக்கப்படாது. என் லயத்து வாசல்லயும் நிக்கப்படாது. நடுவழியில நிக்கணும். சக்கரம் மாட்டியே இருக்கணும். சக்கரத்தைக் கழட்டிட்டா அது வீடு, கேட்டியா?"

பின்னாலிருந்து ஐயம்மாளின் குரல்: "ரெண்டு நாளா இதே யோசனை! மாட்டுக்குப் புல்லு போட மறந்துட்டாரு மனுசன்!"

தங்கம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இடம் கல்லாறு என்று முடிவாயிற்று. மலை ஏறுவதற்கு முன்னால், ஆற்றோரம். எப்படியும் அதற்கு மேல் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறுகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. அன்றிலிருந்து தங்கம் தினமும் கேட்பாள்: "சஜி முடிச்சிட்டானா?"

சஜியா தாமதம்? நான்தான். கடைசியில் பின்கதவு அடுக்களை என்று முடிவுசெய்தேன். கதவைத் தூக்கினால் அதுவே கூரை. கீழே தரையில் நின்று சமைக்கலாம். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, மூன்று பக்கமும் காற்று மறைப்பு, சுற்றிலும் கம்பி.

"சமையல் யாரு சாரே?" என்று கேட்டான் சஜி. "ஆளைக் கூட்டிட்டு வாங்க. முழங்கை உயரம் பார்த்துத்தான் மேடை அடிக்கணும்."

"அதெல்லாம் தேவையில்ல சஜி. வீட்டு மேடையை அளந்தே கொண்டுவந்திருக்கேன். முப்பத்தொரு வருஷமா அதுலதான் சமைக்கிறா."

தொண்ணூறு சென்டிமீட்டர். இடது மூலை, நடு, வலது மூலை என்று மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்திருந்தேன். சஜி பட்டறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். அதையும் என் டேப்பை வைத்துச் சரிபார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்: "நம்ம வீட்டு மேடை என்ன உயரமோ அதே உயரம். உனக்கு வித்தியாசமே தெரியாது."

"சரி" என்றாள் தங்கம்.

ஜனவரி கடைசி ஞாயிறு. மழை இல்லாத மாதம் பார்த்துத்தான் நாள் வைத்தேன். கல்லாற்றில் ஒரு டீக்கடைச் சேச்சி தன் கடைக்குப் பக்கத்து வெற்றிடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மச்சானும் ஐயம்மாளும் முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார்கள். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நேராக வந்து டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் காலால் ஓர் உதை.

"சக்கரம் இருக்கு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் பின்கதவைத் தூக்கினேன். மேடை பளபளத்தது. தங்கம் அதன் முன்னால் போய் நின்றாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். மேடை அவள் விலாவுக்கு வந்தது. அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் சட்டி வைத்தால் சட்டியின் வாய் தோளுக்கு வரும். உள்ளே எது கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

திரும்பி ஜீப்புக்குப் போனாள். பழைய சேலையில் சுற்றிய எதையோ எடுத்துவந்து பிரித்தாள். பலகை. அடியில் நாலங்குல உயரத்துக்கு இரண்டு கட்டை அடித்த பலகை.

"இது எதுக்கு?"

"ஏறி நிக்கதுக்கு."

"எதுக்கு ஏறணும்?"

தங்கம் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "வீட்டுலயும் இது மேல நின்னுதானே சமைக்கேன்?"

அந்தப் பலகையை நான் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறேன். கால் விரலை இடித்துக்கொண்டிருக்கிறேன். அடுக்களையில் கிடக்கிற நூறு சாமான்களில் அதுவும் ஒன்று என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன்.

ஆற்றோரத் தரை. கூழாங்கல்லும் மணலும். பலகை ஆடியது. நான் குனிந்து ஒரு கட்டைக்கு அடியில் தட்டையான கல் ஒன்றைச் செருகினேன்.

"ஆடுதா?"

"இப்போ இல்ல."

கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டது. வாசனை டீக்கடை வரைக்கும் போயிற்று. அந்த ஒரு நாள்தான் அவள் அண்ணனுக்குப் பயப்படாமல் தாளித்தாள்.

"ஏட்டி, புளி கூடிப்போச்சோ? வாசனையிலயே தெரியுதே!" என்றார் மச்சான் நாற்காலியிலிருந்து.

"வாயில வச்சுட்டுச் சொல்லுங்க."

"முப்பது வருசம் இருந்தவருக்கு முப்பது நிமிசம் பொறுக்கல" என்றாள் ஐயம்மாள். இலையைத் துடைத்துப் போட்டாள். மச்சான் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தங்கம் துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கினாள். இறக்கித் திரும்பும்போது நான் செருகிய கல் நழுவியது.

விழுந்தாள். சட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கொதிக்கிற குழம்பு மேலே படவில்லை, அந்த மட்டுக்குத் தப்பித்தோம். ஆனால் வலது கை மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. மச்சான் செருப்பில்லாமல் ஓடிவந்தார். தூக்கி உட்காரவைத்தோம். மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வந்தது. வலியில் அவள் முகம் வெளுத்துவிட்டது.

அழுவாளோ என்று மச்சானுக்குப் பயம். கவிழ்ந்து கிடந்த சட்டியைக் கையில் எடுத்தார். அடியில் ஓர் அகப்பைக் குழம்பு மிச்சம் இருந்தது.

"இது போதும்ட்டி. இலையில ஊத்து, சாப்பிட்டுட்டே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வேண்டாம்."

"நல்லாத்தான் இருக்கு. மண்ணு படல."

"முப்பத்தொரு வருசம் கழிச்சு அண்ணனுக்கு வழிச்சுப் போட்டேன்னு இருக்கணுமா?" என்றாள் தங்கம். "வேண்டாம் அண்ணே. அடுத்த வாட்டி வயிறார வைக்கேன்."

"சரி. அடுத்த வாட்டி" என்றார் அவர். சட்டியைக் கீழே வைத்தார்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

மறுநாள் நான் பழைய டைரிகளைக் கீழே இறக்கினேன். தேடியது கிடைத்துவிட்டது. எங்கள் கல்யாணமாகி மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. என் கையெழுத்து: "அலுவலகத்திலிருந்து பழைய கருவிப் பெட்டியின் மூடி ஒன்று கொண்டுவந்தேன். தங்கம் கேட்டாள்." பக்கத்திலேயே அன்றைய மழை, தசம ஸ்தானத்தோடு. எதற்குக் கேட்டாள் என்று எழுதவில்லை. நான் கேட்கவே இல்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டு மேடை என் அம்மாவுக்காகக் கட்டியது. அம்மா என் உயரம். புதிதாக வந்த பெண் என் தோளுக்கும் கீழே.

"ஏன் நீ சொல்லவே இல்ல?"

"கூடவே இருக்கீங்க. தெரியும்னு நினைச்சேன்."

"பட்டறையில மேடை அடிக்கும்போதாவது..."

"அளந்தாச்சுன்னு சொன்னீங்க" என்றாள். "அளந்தவர்கிட்ட போய் நான் என்ன சொல்ல?"

மூன்றாவது வாரம், கையில் கட்டோடு தங்கத்தைப் பட்டறைக்கு அழைத்துப்போனேன். சஜி விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். தங்கத்தைச் சுவரோரம் நிறுத்தினான். அவள் செருப்பைக் கழற்றப் போனாள்.

"வேண்டா சேச்சி, செருப்பு போட்டே நில்லுங்க. அங்கயும் செருப்பு போட்டுத்தானே நிப்பீங்க?"

எனக்கு அது தோன்றியிருக்குமா?

நல்ல கையின் முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கீழே இரண்டாவது கோட்டைப் போட்டான். என் கோட்டிலிருந்து சரியாக நாலங்குலம் கீழே.

ஐந்தாவது வாரம் மச்சான் விழுந்தார்.

எஸ்டேட் வேலையிலிருந்து நின்ற பிறகும் அவர் மழை அளப்பதை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் சொந்தமாக ஒரு டப்பா வைத்திருந்தார். காய்கிற மாதத்திலும் எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்து, "இல்லை" என்று எழுதிவைப்பார். "இல்லைன்னு எழுதுறதும் எழுதுறதுதானே மாப்ள?" என்பார். அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தார். மெடிக்கல் காலேஜில் பதினொரு நாள். உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று, பேச்சு குழறியது. தொண்டையில் எதுவும் சரியாக இறங்கவில்லை. கெட்டியான கஞ்சி மட்டும், நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் ஐயம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் தங்கம் அண்ணனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. கஞ்சி ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. வீட்டிலிருந்து கொண்டுபோனால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலருகே போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. தங்கத்தின் கட்டுப் பிரித்து நாலு நாள் ஆகியிருந்தது. "வேன் மலை ஏறுறதுக்கு முந்தி கல்லாத்துல நிக்கட்டும்" என்றாள் ஐயம்மாளிடம். ஐயம்மாள் தலையை ஆட்டினாள்.

நாங்கள் முன்னால் போய்விட்டோம். அதே டீக்கடை, அதே இடம். பின்கதவைத் தூக்கினேன். மேடையின் கால்களை வெட்டி சஜி அதை இறக்கியிருந்தான். தங்கம் போய் நின்றாள். பலகை இல்லாமல், வெறும் தரையில். கையைச் சும்மா நீட்டினால் எல்லாம் எட்டியது. சட்டிக்குள் நேராகப் பார்க்க முடிந்தது. அவள் தரையில் நின்று சமைப்பதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

என்ன சமையல்? அரிசியைக் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு சிட்டிகை உப்பு. கருவாடு இல்லை, கத்திரிக்காய் இல்லை, தாளிக்க ஒன்றும் இல்லை. ஏழு மாதம் நான் நோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அடுக்களையில், ஒரு பர்னரில், ஒரு கஞ்சி.

வேன் வந்தது. மச்சானை இறக்கவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து, ஐயம்மாள் அவரைத் தன்மேல் சாய்த்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். தங்கம் கிண்ணத்தோடு போனாள். ஸ்பூனை நீட்டினாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. தங்கத்துக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னார். ஐயம்மாள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு எங்களைப் பார்த்தாள்.

"சக்கரம் இருக்கான்னு கேக்காரு."

"இருக்கு அண்ணே! மாட்டித்தான் இருக்கு!"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் டிரெய்லரின் டயரை, அவர் அன்று உதைத்த மாதிரியே, ஓங்கி ஓர் உதை உதைத்தேன். சத்தம் கேட்டது. அவருடைய இடது கண் சிரித்தது.

வாயைத் திறந்தார்.

"பைய, பைய குடு..." என்றாள் ஐயம்மாள். தங்கம் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் காத்திருந்தாள். அவர் விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. வலது மணிக்கட்டு இன்னும் சரியாக வளையவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள். வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

ஏழு ஸ்பூன். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியுமா?

எட்டாவதற்கு அவர் தலையை அசைத்துவிட்டார். இடது கையைத் தூக்கி, கஷ்டப்பட்டு, தங்கத்தின் தலையில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். பிறகு டிரைவர் மெதுவாக ஹாரன் அடித்தார். மலை ஏற வேண்டுமே!

அதிலிருந்து பதினெட்டாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். மேடை சரியாக இருந்திருந்தால் அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை அவர் இலை நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, புளி கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருப்பார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கியிருப்பார். என் நாலங்குலம் அதைக் கெடுத்தது. இதைத் தங்கத்திடம் ஒருநாள் சொன்னேன். அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. அவளிடம் வேறு ஒரு வாக்கியம் இருக்கிறது.

"அன்னைக்குச் சட்டியில மிச்சம் இருந்துச்சு" என்பாள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, யாரிடமும் இல்லாமல் சொல்வாள். "அவரே எடுத்துக் கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்."

இருவரும் ஒரே அடுக்களையில்தான் இருக்கிறோம். அவளுக்கு ஓர் அகப்பை, எனக்கு நாலங்குலம். ஒருவர் கணக்கை மற்றவரால் தீர்த்துவைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சஜிக்குப் போன் செய்தேன்.

"கீழே இருக்கிற கோட்டை அழிச்சிடு சஜி. அது மேடையிலயே இருக்கு. மேல் கோடு இருக்கட்டும்."

"அதல்லே சாரே தெற்றிப்போன கோடு? தப்பான கோட்டை எதுக்கு வச்சுக்கணும்?"

"அளந்து கொண்டுவந்திருக்கேன்னு எவனாவது வந்து நிப்பான். அவனுக்குக் காட்டு."

"சரி சாரே. அந்த ஒரு சாண் இடத்தை விட்டுட்டு அடிக்கேன்" என்றான்.

கேம்பர் டிரெய்லருக்கு எந்த அடுக்களை நல்லது என்று வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கிறது, அனுப்பலாம். ஆனால் அடுப்பும் தொட்டியும் எதுவாக இருந்தாலும் வேலை நடந்துவிடும் என்பதுதான் உண்மை. சமைக்கிறவரைக் கையோடு பட்டறைக்கு அழைத்துப்போங்கள். செருப்போடு.

வீட்டு மேடையையும் போன மாதம் கொத்தனாரை வைத்து நாலங்குலம் இறக்கிவிட்டேன். பலகை இப்போது மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் நேற்றுக் காலையில் கவனித்தேன். தங்கம் அடுப்பருகே போகும்போது, அங்கே இல்லாத ஒன்றின் மேல் ஏறுகிறவளைப் போல, வலது காலைத் தூக்கி வைக்கிறாள்.

கிழமை, நேரம் எல்லாம் போட்டு டைரியில் எழுதிவிட்டேன் — இந்த முறை, ஏன் என்பதையும் சேர்த்து.